நிஸ்தாரின் கராஜும் எங்கள் காரின் பிள்ளையாரும்

பாடசாலையில் காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் றிஸ்னாவின் குரல்பதிவு தொலைபேசியில் வந்து சேர்ந்தது. நிஸ்தாரின் மகள், எங்களிடம் உயர்தரம் படித்துவிட்டு இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் பிள்ளை. "சேர், வாப்பா மவுத்தாகிட்டாங்க. விடியத் தொழுதுட்டு கராஜைத் திறக்கப் போனவங்க, கேற்றடியிலேயே இருந்திட்டாங்க. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுத்துருவம். உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்னு உம்மா சொன்னாங்க." அவ்வளவுதான். அதை நான் இரண்டு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் கேட்கும்போது துக்கத்துக்கு முன்னால் பயம் வந்தது. அந்த மனிதரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஒன்றை நான் மூன்றரை வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

தண்ணீரூற்றுப் பக்கம் ஹயர் வான் ஓடுகிற சாரதிமார் சிலர் அவருக்காக இந்தச் சிறு நினைவு மலரை அச்சடிக்கிறார்கள். என்னை எழுதச் சொல்லிக் கேட்டதும் றிஸ்னாதான். "வாப்பா உங்கள்ல மதிப்பு வச்சிருந்தாங்க சேர். நீங்க எழுதினா நல்லம்." பிரதி அதிபர் பதவியில் இருப்பதால் எத்தனையோ பேருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறேன். அன்னார், பண்பாளர், பேரிழப்பு என்று சொற்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும். இந்த முறை அவற்றை வெளியே நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன். ஏனென்றால் இதை வாசிக்கிற உங்களில் சிலர் நிஸ்தார் அவர்களைப் பற்றி ஒரு கதையை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கதையை முதலில் சொன்னவன் நான்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். நிஸ்தார் பிறந்தது தண்ணீரூற்றில். தகப்பனார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் இங்கிருந்த முஸ்லிம் சனம் முழுவதும் வெளியேற வேண்டி வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. வெளியேற வேண்டி வந்தது என்று எழுதுவது எங்கள் கைக்குப் பழகிவிட்டது. இயக்கம் வெளியேற்றியது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, மோதி நெளிந்த வாகனத்தின் தகட்டை அடித்து நிமிர்த்திப் பூச்சடிக்கிற ரிங்கர் வேலையைப் பழகினார். சண்டை முடிந்த பிறகு மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்து, தகப்பனாரின் கடை இருந்த அதே வளவில் நாலு தூண் நாட்டித் தகரம் போட்டு ஒரு கராஜ் தொடங்கினார். "வேற இடத்துல தொடங்கியிருந்தா தொழில் நல்லா ஓடியிருக்கும் சேர். ஆனா இங்க தொடங்கினாத்தான் வந்த மாதிரி இருக்கும்" என்று ஒருமுறை சொன்னார்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது ஒரு மாட்டினால். நாலு வருடத்துக்கு முன், மாரி தொடங்கியிருந்த மாதம், ஒட்டுசுட்டானில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் பின்னேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் மாடுகள் றோட்டில் வந்து படுத்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கம் கார் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குச் செத்தவீட்டில் யார் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பதை மனைவிக்கு விளக்கிக்கொண்டு வந்ததில் வளைவில் கிடந்த மாட்டைக் கடைசி நேரம்தான் கண்டேன். வெட்டித் திருப்பினேன். காரின் இடப்பக்கம் மதகுக் கட்டில் உரசிக்கொண்டு போய் நின்றது. மாடு எழும்பவும் இல்லை.

மனைவிக்குத் தோளில் இரத்தம் கட்டிய கண்டல் மட்டும். முன் மட்காட் உள்ளே போய், இடப்பக்கக் கதவு நெளிந்து, கண்ணாடி எங்கேயோ பறந்துவிட்டது. முன்தட்டில் ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையார் மட்டும் அசையாமல் இருந்தார். முறிகண்டிக் கோயிலடியில் வாங்கிய, கட்டைவிரல் அளவுப் பிள்ளையார். "இவர்தான் எங்களை உயிரோடை வைச்சிருக்கிறார்" என்று சொல்லி மனைவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

மறுநாளிலிருந்து விசாரிக்க வந்த சனம் ஆளுக்கொரு கராஜோடு வந்தது. கண்டலைப் பற்றிக் கேட்டவர்களை விடக் கராஜைப் பற்றிச் சொன்னவர்கள் கூட. மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், வந்து கதிரையில் இருக்க முதலே, "மச்சான், வவுனியாவிலை விடுங்கோ, வேறை ஒரு இடமும் யோசியாதேங்கோ" என்றார். எங்கள் கணித ஆசிரியர் கிளிநொச்சியில் தன் சொந்தக்காரரின் இடத்தைச் சொன்னார். இரண்டு இடத்துக்கும் போனேன். வவுனியாவில் கண்ணாடி போட்ட அலுவலக அறை. ஒருவர் வந்து காரைத் தொடாமலே சுற்றி நின்று படம் எடுத்து, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். கிளிநொச்சியில் இருந்தவர் ஒன்றும் மாற்றத் தேவையில்லை, பட்டி பூசி மூன்று நாளில் தருகிறேன் என்றார். பட்டி என்பது நெளிவை நிரப்பப் பூசுகிற பசை. காய்ந்து பூச்சடித்தால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"தண்ணீரூற்றிலை நிஸ்தார் எண்டு ஒருத்தர் செய்யிறார். அவரின்ரை பிள்ளை உங்கடை பள்ளிக்கூடத்திலைதானே படிக்குது. ஏன் அவரிட்டைக் கேட்கேல்லை?" என்று மனைவி கேட்டார். பார்ப்பம் என்றேன். தினமும் அந்தக் கராஜைக் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறேன். ஆனாலும் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் அலைந்த பிறகுதான் அங்கே போனேன். அவருடைய வேலை சரியில்லை என்று நினைத்தேனா என்றால், அவருடைய வேலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்தத் தயக்கத்துக்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

நிஸ்தார் காரைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பக்கம் யார் சேர் இருந்தது?" மனிசி என்றேன். "அவங்களுக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கதவில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். பிறகு சொன்னார்: "கதவு மாத்தத் தேவையில்ல. நல்ல தகடு, அடிச்சு நிமித்தலாம். ஆனா கீழ சேசி வளைஞ்சிருக்கா எண்டு அளக்கிற மெசின் என்ட்ட இல்ல. வவுனியாவுல ஒருக்கா அளந்துபோட்டு வாங்க. வளைஞ்சிருந்தா அங்கயே குடுங்க. என்னட்டக் கொண்டுவராதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"வெளியில நான் வடிவாச் செஞ்சு தந்திருவன். உள்ளுக்கு வளைவோட இருந்தா நீங்க அவங்களை அந்தப் பக்கம் வச்சுக்கொண்டுதானே ஓடப்போறீங்க."

தன்னிடம் வந்த வேலையை வேறு இடத்துக்கு அனுப்பத் தயங்காத ஒருவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வவுனியாவில் அளந்து பார்த்தபோது சேசி, காரின் அடிச்சட்டம், நேராக இருந்தது. காரை அவரிடமே கொடுத்தேன். தகட்டை நிமிர்த்தி முடித்த அன்று என்னைக் கூப்பிட்டார். பூச்சில்லாமல் வெறும் இரும்பாக நின்ற கதவை என் கையாலேயே தடவிப் பார்க்க வைத்தார். "பட்டி பூச முதல் சொந்தக்காரர் பாக்கணும் சேர். பூசினா எல்லாரிட வேலையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்." எல்லா வாகனத்துக்கும் அவர் இப்படித்தான் செய்வார். அவசரக்காரர்களுக்கு அது எரிச்சல். எனக்கு அன்றைக்கு நல்ல சந்தோசம். சரியான ஆளைப் பிடித்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன்.

கார் முடிந்த நாள் எனக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். மச்சானை அனுப்பி எடுப்பித்தேன். நல்ல மழை. பின்னேரம் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. கதவைச் சாத்தினால் புதுக் கார் போலச் சத்தம். எங்கே அடிபட்டதென்று எனக்கே தெரியவில்லை. மனைவி உள்ளே ஏறி இருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளையார் எங்கை?"

முன்தட்டில் பிள்ளையார் இருந்த இடம் வெறும் வட்டமாக இருந்தது. பசை கூட இல்லாமல் துப்புரவாகச் சுரண்டியிருந்தது.

அவருடைய இலக்கம் என் தொலைபேசியில் இருந்தது. எடுத்துக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். மனைவி கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அவர்களுக்குச் சிலை கூடாது, எடுத்து எறிந்திருப்பார் என்று என் மனம் தானே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லி முடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆதாரம் இல்லாமல் ஒன்றையும் எழுதாதே என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் கார் எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "வேலை திறம்தான். ஆனால் எங்கடை பிள்ளையாரை எடுத்து எறிஞ்சுபோட்டார்" என்றேன். சாப்பிட்டு முடிந்ததும் நாலைந்து பேரைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வெறும் வட்டத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகும் காட்டியிருக்கிறேன், கோயில் திருவிழாக் கூட்டத்தன்றும், பாடசாலை வாசலிலும். யாராவது நாவால் உச்சுக் கொட்டினால் எனக்கு அது தேவையாக இருந்தது. மாட்டைக் காணாமல் காரை மோதிய கதையை விட இந்தக் கதையில் நான் நல்ல ஆளாகத் தெரிந்தேன்.

ஊரில் கதைக்குக் கால் முளைக்க எத்தனை நாள் வேண்டும்? பிள்ளையாரைக் குப்பையில் போட்டவர் என்று ஆனது. பிறகு கிணற்றில் போட்டவர் என்று ஆனது. எங்கள் பக்கத்து வான்களில் சாமிப் படம் இல்லாத வான் ஏது? ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குப் போகத் தொடங்கின. அவரிடம் முன்பே வேலை செய்வித்த இரண்டு மூன்று சாரதிமார் அப்படி நடந்திருக்காது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பிரதி அதிபர் தன் காரையே காட்டிச் சொன்ன பிறகு அவர்கள் சொல்லை யார் கேட்பார்கள்? கார்களும் வான்களும் நின்ற வளவில் உழவு இயந்திரத்து மட்காட்டும் தண்ணீர்த் தாங்கியும்தான் பிறகு கிடந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் பாடசாலைக்குப் போகும் வழியில் தலையிடி. நிஸ்தாரின் கராஜுக்குப் பக்கத்தில் பார்வதி அக்கா என்பவர் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே நிலைத்த குடும்பம். அங்கே நிறுத்தி ஒரு பிளேன்ரீ வாங்கினேன். கடைக்குள் ஒரு பலகைத் தட்டில் முருகனும் அம்மனும். அவர்களுக்கு நடுவில், வெள்ளைத் துணி விரித்து, தலையில் ஒரு செவ்வரத்தம்பூ வைத்து, என் பிள்ளையார். வலக்காதில் ஒரு கீறல். என் மகன் சிறுவனாக இருந்தபோது கீழே போட்டு வந்த கீறல். வேறு பிள்ளையார் என்று எனக்கு நானே சொல்ல முடியவில்லை.

கேட்டேன். நிஸ்தாரை அண்ணன் முறை வைத்து நானா என்றே அழைக்கிற அவர் சாதாரணமாகச் சொன்னார். "அதுங்களா சார்? நிஸ்தார் நானா குடுத்தாரு. சாமி ஒட்டுன வண்டி வந்தா வேலைக்கு முன்னாடி பக்குவமா கழட்டி எங்கிட்ட குடுத்துருவாரு. கராஜுல செருப்புக் காலோட நடக்குறோம், மீனு கறி திங்கிறோம், இங்க வேணாம்க்கா, உங்க சாமி தட்டுல இருக்கட்டும்பாரு. வண்டி எடுக்க வரவங்க வாங்கிட்டுப் போவாங்க. இந்தக் காரு எடுக்க வந்தவருகிட்டயும் சொன்னாரு, நானே காதால கேட்டேன். அவரு போன்ல பேசிக்கிட்டே மழையில போயிட்டாரு. மறுநா குடுத்து விடலாம்னு இருந்தோம். எம் மக பிள்ளைப்பேறுன்னு நான் கடைய பூட்டிட்டு வவுனியா போயிட்டேன். வந்து பாத்தா ஊரெல்லாம் வேற பேச்சு. இப்ப கொண்டுபோய்க் குடுத்தா பயந்துக்கிட்டு குடுக்கிறதா நினைப்பாங்க, அவங்களே வந்து கேக்கட்டும்க்கான்னாரு. நான் விளக்கேத்துறப்ப இவருக்கும் சேத்து ஏத்திட்டு இருக்கேன்."

பிறகு சொன்னார்: "சாமிய வீசிட்டாருன்னு எந்தப் பாவி சொன்னானோ சார். நான் நாலு பேருகிட்ட சொல்லிப் பாத்தேன். நான் சொன்னா யாரு கேக்குறா?"

கையில் தேத்தண்ணியோடு நின்றேன். அந்த நிமிடம் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "சனம் கதைக்குந்தானே அக்கா" என்றேன். கார் என்னுடையது, பிள்ளையாரைத் தாருங்கள் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கராஜில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது அடி நடந்திருந்தால் போதும்.

மச்சானிடம் கேட்டேன். "ஓம் மச்சான், சொன்னவர்தான். நான் மறந்துபோனன்" என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்கே போய் அந்தாளிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. கலியாண வீட்டிலை சொன்னமாதிரி நாலு பேருக்கு முன்னாலை சொல்லுங்கோ" என்றார். ஓம் என்றேன். அடுத்த நாள் சோதனை மேற்பார்வை. அதற்கடுத்த நாள் வேறொன்று. பிள்ளையாரை வீட்டுச் சாமி அறையில் வைத்தேன். காரில் திரும்ப ஒட்டினால் எங்கிருந்து வந்தார் என்று கேட்பார்களே. அந்த வெறும் வட்டத்தின் மேல் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை வைத்து மறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் காட்டவில்லை. தப்பாகச் சொன்னதை நிறுத்திவிட்டேன், அது போதும் என்று இருந்தேன்.

றிஸ்னாவுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வந்து பாடசாலையில் பாராட்டு வைத்த அன்று நிஸ்தார் வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, நகக்கண்ணில் மட்டும் பூச்சுக் கறை. விழா முடிந்து மரநிழலில் நின்ற என் காருக்குப் பக்கத்தில் இருவரும் தனியாக நின்றோம். அவருடைய கை தானாகக் கதவைத் தடவியது. குனிந்து கண்ணாடியூடாக உள்ளே பார்த்தார். அந்தப் பெட்டியைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

"சாமி வந்து சேந்துட்டாரா சேர்?"

"ஓம். வீட்டை இருக்கிறார்."

"அது காணும் சேர்" என்றார், அவ்வளவும் போதும் என்கிற மாதிரி.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. அவர் எனக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அவரே பேச்சை மாற்றினார். "இந்தக் கதவு ரப்பர் வெடிச்சிருக்கு. மழைக்கு அவங்க பக்கம் தண்ணி போகும். கொண்டுவாங்க, மாத்தித் தாறன்." கொண்டுவாறன் என்றேன். கொண்டுபோகவில்லை. அவருடைய வளவுக்குள் காரை விட்டால் சனம் என்ன கேட்கும், நான் என்ன சொல்வது என்ற பயம். ஒவ்வொரு மாரிக்கும் மனைவி அந்தப் பக்கம் ஒரு துவாயை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் வருவார்.

ஜனாஸா அடக்கம் அன்று நல்ல மழை. பள்ளிவாசல் தெருவில் குடைகளோடு நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்களில் இரண்டு பேர் நெற்றியில் திருநீறோடு நின்ற வான் சாரதிமார். அவரைக் கொண்டுபோன பிறகு சாத்தியிருந்த கராஜடிக்கு வந்தேன். பார்வதி அக்கா தன் கடையையும் பூட்டிவிட்டு வாசலில் இருந்தார்.

"அக்கா, அந்தப் பாவி நான்தான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். வாங்குன டீய ஒரு வாய் குடிக்காம வச்சுட்டுப் போனீங்களே, அப்பவே தெரியும். அவருகிட்டயும் சொன்னேன். அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும். 'சேருக்குச் சங்கடம், விடுங்கக்கா'ன்னாரு."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த வெட்கத்தை எந்தச் சொல்லில் எழுதுவதென்று தெரியவில்லை. என் பெயரை அவர் மூன்றரை வருடம் மூடி வைத்திருந்தார். அவருடைய பெயரை நான் காரோடு கொண்டு திரிந்து காட்டினேன்.

எனவே அந்தப் பந்தியில் இருந்தவர்களுக்கும், என் காருக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கும், அவர்களிடம் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். நிஸ்தார் எங்கள் பிள்ளையாரை எறியவில்லை. கையால் கழற்றி, வெள்ளைத் துணியில் வைத்து, பூவும் விளக்கும் கிடைக்கிற இடத்தில் கொடுத்து வைத்திருந்தார். நான் சொன்னது பொய். தெரியாமல் தொடங்கி, தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்ட பொய். றிஸ்னாவும் தாயாரும் இதை அச்சில் பார்க்க முதல் நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். றிஸ்னா, "ஒரு சொல்லும் மாத்தாமப் போடுங்க சேர்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்று காலை அந்தக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து எறிந்துவிட்டுப் பிள்ளையாரைப் பழைய வட்டத்தில் ஒட்டினேன். நீங்கள் சுரண்டித் துப்புரவாக்கி வைத்த இடம், நிஸ்தார், சரியாகப் பொருந்தியது. எங்கிருந்து வந்தார் என்று இனி யார் கேட்டாலும் முழுக் கதையையும் சொல்லத்தான் போகிறேன். கதவு ரப்பர் இன்னும் மாற்றவில்லை. தண்ணீர் வருகிறது.

அது காணும் என்றீர்கள், நிஸ்தார். காணாது. உங்கள் கை பட்ட கதவுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஊர் முழுக்கச் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும் கேட்காது.